ஒரே தரையில ஆறு விளையாட்டு: சேலத்துல எங்க ஸ்கூலுக்கு கோர்ட் போட்டுக் குடுத்த கம்பெனிக்கு 5க்கு 3 ஸ்டார்

மொதல்லயே சொல்லிடறேன், கம்பெனி பேர இங்க போடல. அவங்க செய்ய வேண்டிய வேலை இன்னும் ஒண்ணு பாக்கி கெடக்கு, அதுக்கு நடுவுல பேரப் போட்டு வம்பு வளக்க எங்க ஹெச்.எம். விடமாட்டாங்க. ஆனா இந்த மாதிரி வேலை குடுக்கப் போற ஸ்கூல்காரங்க யாராவது படிச்சா உபயோகமா இருக்குமேன்னுதான் எழுதறேன், எனக்கு இதெல்லாம் முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா எவ்ளோ நல்லாருந்திருக்கும்.

நான் அம்மாப்பேட்டை பக்கம் ஒரு ஸ்கூல்ல பி.டி. டீச்சர், 17 வருஷம் ஆச்சு. எங்க கிரவுண்டு நீளம் 100 அடி, அகலம் 62 அடி, அவ்ளோதான். காலைல பிரேயர் அங்கதான், மத்தியானம் சாப்பாட்டு வரிசை அங்கதான், ஆண்டு விழாவுக்குப் பந்தல் அங்கதான், எலெக்‌ஷன் வந்தா பூத்துக்கு கியூ நிக்கறதும் அங்கதான், இது போக மிச்சம் நேரத்துலதான் விளையாட்டு. மழை பேஞ்சா ரெண்டு நாளைக்குச் சேறு, வெயில் அடிச்சா புழுதி, பக்கத்து வீட்டுக்காரங்க காயப்போட்ட துணியெல்லாம் செம்மண்ணாகி சண்டைக்கு வருவாங்க. அப்ப பழைய ஸ்டூடண்ட்ஸ் சேர்ந்து காசு போட்டு நல்ல கோர்ட் போட்டுத் தர்றோம்னு வந்தாங்க. சந்தோஷத்துல எனக்கு அன்னிக்கு தூக்கமே வரல.

நாலு கம்பெனிகிட்ட கொட்டேஷன் வாங்கினோம். நாலு பேருமே வந்து சொன்ன மொத வார்த்தை "மேடம் மல்டி பர்பஸ்". ஒரே தரையில பாஸ்கெட்பால், வாலிபால், த்ரோபால், பேட்மிண்டன் மூணு கோர்ட், கபடி, டெனிகாய்ட், எல்லாத்தையும் போட்டுரலாம், கலர் கலரா கோடு. கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படம் ஒண்ணு காட்டுவாங்க பாருங்க, அப்படியே ஃபாரின் ஸ்கூல் மாதிரி இருக்கும், படத்துல ஒரு புள்ளை கூட கால்ல செருப்பில்லாம நிக்காது, அத அப்பவே கவனிச்சிருக்கணும் நான்.

இப்ப கணக்குக்கு வருவோம். ஃபுல் பாஸ்கெட்பால் கோர்ட் 28 மீட்டருக்கு 15, அடியில சொன்னா கிட்டத்தட்ட 92க்கு 49. எங்க கிரவுண்டு 100 அடின்னா ரெண்டு பக்கமும் நாலு நாலு அடிதான் மிச்சம், அதுக்கப்பறம் காம்பவுண்டு செவுரு. லே-அப், அதாவது ஓடி வந்து ரிங்குகிட்ட எகிறி பந்தப் போடறது, அதப் போட்டுட்டு வேகமா வர்ற பையன் நேரா செவுத்துல போய் முட்டிக்குவான். ரெண்டு மீட்டராவது காலி வேணும். நாலு கம்பெனில மூணு கம்பெனி இத யோசிக்கவே இல்ல, "செவுத்துக்கு ஃபோம் ஒட்டிரலாம் மேடம்"னாங்க. நாங்க வேலை குடுத்த கம்பெனி பையன் மட்டும் கோர்ட்ட 26க்கு 14 மீட்டரா சுருக்கிரலாம், ரெண்டு முனையிலயும் ஏழடி கெடைக்கும்னு சொன்னான். அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவங்களுக்கே குடுத்தோம், ரேட்டுல அவங்க ரெண்டாவது கம்மிதான்.

இன்னொண்ணும் நல்லா செஞ்சாங்க. காங்கிரீட் போடறதுக்கு முன்னாடி கயிறு புடிச்சு சுண்ணாம்புத் தூள்ல எல்லாக் கோட்டையும் மண்ணுலயே போட்டுக் காட்ட முடியுமான்னு கேட்டேன், மொறச்சாங்க, ஆனா செஞ்சாங்க. ஒரு வாரம் பசங்கள அதுலயே ஆட விட்டேன். அப்பதான் தெரிஞ்சுது, வாலிபால் போஸ்ட் வர்ற எடம் சரியா தண்ணித் தொட்டிக்குப் போற வழின்னு. போஸ்ட் குழிய நாலடி தள்ளி வெச்சோம், வாலிபால் கோர்ட்டும் அதோட நகந்துருச்சு. பேப்பர்ல இத யாராலயும் கண்டுபுடிக்க முடியாது. யாரு வேலை குடுத்தாலும் இத மட்டும் செய்ங்க, சுண்ணாம்பு மூட்டை என்ன வெலை வித்துரப் போகுது.

தரை எதுல போடறதுங்கறதுல மூணு சாய்ஸ் குடுத்தாங்க. ஒண்ணு காங்கிரீட் போட்டு அது மேல அக்ரிலிக் கோட்டிங், பெயிண்ட் மாதிரி அடுக்கடுக்கா பூசறது. இன்னொண்ணு ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் டைல், ஒண்ணோட ஒண்ணு கொக்கி மாட்டி கோக்கறது, பாலிப்ரோப்பிலீன், ஓட்டை ஓட்டையா இருக்கும், தண்ணி அடியில எறங்கிரும். மூணாவது செயற்கைப் புல்லு, அதான் இப்ப ஊருக்குள்ள மணிக்கணக்குல வாடகைக்கு விடறாங்களே அந்த டர்ஃப்.

டர்ஃப மொத நாளே வேணாம்னுட்டேன். புல்லுல பந்து குதிக்காது, அப்ப பாஸ்கெட்பால் அவுட்டு. அந்த நார் நட்டமா நிக்கறதுக்கு மணலும் கறுப்பு ரப்பர் குருணையும் தூவுவாங்க, சேலத்து ஏப்ரல் வெயில்ல அது மேல கால வெக்க முடியாது, உச்சி வெயில்ல 60 டிகிரியத் தாண்டும். அந்த ரப்பர் குருணை காத்துலயும் தண்ணியிலயும் கலந்து போகுதுன்னு ஐரோப்பிய யூனியன்ல 2023லயே சட்டம் போட்டுட்டாங்க, எட்டு வருஷம் டைம் குடுத்து 2031லேர்ந்து விக்கக் கூடாதுன்னு. அங்க வேணாம்னு ஒதுக்கறத இங்க நம்ம புள்ளைங்க தலையில கட்டுவானேன்.

டைலா அக்ரிலிக்கான்னு முடிவு பண்ண முடியல. அந்தக் கம்பெனி ஏற்காட்டுல ஒரு ஸ்கூலுக்கு அக்ரிலிக் போட்டிருக்கோம்னு சொன்னாங்க, சரி பாத்துருவோம்னு ஒரு சனிக்கிழமை நானும் கணக்கு டீச்சரும் பஸ் ஏறிட்டோம். இருபது கொண்டை ஊசி வளைவுலயும் அவங்க கண்ணத் தொறக்கல, பாவம். மேல போய்ப் பாத்தா கோர்ட்டு என்னமோ அழகுதான், ஆனா ஒரு ஓரம் பூரா பச்சைப் பாசி. சில்வர் ஓக் மரத்து நெழல், பனி, சாரல், வெயிலே படாத மூலை, வழுக்காம என்ன செய்யும். அங்க இருந்த பி.டி. சார் வெளிப்படையா பேசினாரு. மாசம் ஒருக்கா ப்ளீச்சிங் தண்ணி ஊத்தி நைலான் தொடப்பத்துல தேய்க்கறோம், இல்லாட்டி வெளாட விடமுடியாதுன்னாரு. இன்னொரு சங்கதியும் காட்டினாரு. மலைச் சரிவுல எடம் சமமா கெடைக்காது, மேல் பக்கம் வெட்டி கீழ்ப் பக்கம் கொட்டித்தான் கிரவுண்டு பண்ணுவாங்க. அந்த வெட்டின மண்ணும் கொட்டின மண்ணும் சேர்ற எடத்துல நூல் புடிச்ச மாதிரி ஒரு விரிசல் இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குப் போகுது. கொட்டின மண்ணு ஆற அமர எறங்கும், வெட்டின பக்கம் அசையாது, நடுவுல காங்கிரீட்டு என்ன பண்ணும் பாவம். மலையில டைல் போட்டிருக்கலாம் டீச்சர், அடியில தரை கொஞ்சம் எறங்கினாலும் கழட்டித் திருப்பி மாட்டிக்கலாம்னாரு. வேலி பதினஞ்சு அடி ஒசரம் போட்டிருக்காங்க, அப்படியும் வாரத்துக்கு ஒரு பந்து காப்பித் தோட்டத்துக்குள்ள போயிருதாம். அங்கயே சூடா காப்பி குடிச்சுட்டு எறங்கிட்டோம்.

கீழ நம்ம ஊர்ல பாசிப் பிரச்சனை இல்ல, வெயில்தான் பிரச்சனை. டைல் வெயில்ல விரியும், ஓரத்துல எடம் விடாமப் போட்டா நடுவுல தூக்கிக்கும். புழுதி அந்த ஓட்டை வழியா எறங்கி அடியில தங்கிரும், எங்க ஏரியாப் புழுதிக்கு ஆறு மாசத்துல அடியில தோட்டமே போட்டுரலாம். ஓடறப்ப டக்கு டக்குனு சத்தம் வேற, பக்கத்துலயே கிளாஸ் ரூம். அக்ரிலிக்குக்கே போயிட்டோம். வாடகை எடத்துல ஸ்கூல் நடத்தறவங்களா இருந்தா டைலே போடுங்க, காலி பண்றப்ப பேத்து எடுத்துட்டுப் போயிரலாம்.

வேலை ஏப்ரல் கடைசியில பரீட்சை முடிஞ்சதும் ஆரம்பிச்சாங்க. மொத நாளே ஒரு கூத்து. ஜேசிபி மண்ணு வழிக்கறப்ப எங்க வாட்ச்மேன் தாத்தா வந்து, "டீச்சரம்மா, அந்த மூலையில கெணறு இருந்துச்சுங்க, நான் வேலைக்குச் சேந்தப்பதானுங்க மூடுனாங்க"ன்னாரு. நாலு கம்பெனில ஒருத்தரும் இங்க முன்னாடி என்ன இருந்துச்சுன்னு கேக்கல, சாயில் டெஸ்ட்டும் எடுக்கல, நாங்களும் சொல்லல, எங்களுக்கே தெரியாது. சூப்பர்வைசர் தம்பி ஒண்ணும் ஆவாது மேடம்னுதான் மொதல்ல சொன்னான். நான் கத்தினதுக்கு அப்பறம் அந்த மூலைய மட்டும் நாலடி தோண்டி கிராவல் போட்டு கொஞ்சம் கொஞ்சமா தண்ணி விட்டு ரோலர் ஓட்டினாங்க. அதுக்கு எக்ஸ்ட்ரா பில்லு போட்டாங்க, குடுத்தோம். அது பத்தலைங்கறது பின்னாடி தெரிஞ்சுது, அதுக்கு வர்றேன்.

அடுத்தது வாட்டம். இத கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா இதுல தப்பு என் மேலயும் இருக்கு. தண்ணி ஓடறதுக்கு தரை ஒரு பக்கமா சாயணும், அக்ரிலிக் கோர்ட்டுக்கு நூத்துக்கு ஒண்ணு வாட்டம்ங்கறது வழக்கம். நீளவாக்குல குடுத்தா 100 அடிக்கு ஒரு அடி எறங்கும், ஒரு டீம் மேட்டுல ஏறி கோல் போடணும், இன்னொரு டீம் எறக்கத்துல ஓடும். அதனால அகலவாக்குல குடுக்கணும், அதுவும் நடுவுல மேடு வெச்சு ரெண்டு பக்கமும் சாய்க்கக் கூடாது, ஒரே சாய்வு. 62 அடிக்கு நூத்துக்கு ஒண்ணுன்னா ஏழரை இன்ச் வருது. ஏழரைன்னதும் ஹெச்.எம். "வேணாம்பா, கொறச்சுக்கோங்க"ன்னு சிரிச்சாங்க. நான் சிரிக்கல, ரூல் புக்கத் தூக்கிட்டு வந்தேன். வாலிபால் ரூல்ல வெளி கோர்ட்டுக்கு ஒரு மீட்டருக்கு 5 மில்லிதான் வாட்டம் இருக்கலாம், அதாவது நூத்துக்கு அரை. நூத்துக்கு ஒண்ணுன்னா வலையோட ஒரு ஓரத்துல தரை ஒசரம், இன்னொரு ஓரத்துல பள்ளம், ஒன்பது மீட்டர் அகலத்துக்கு 9 சென்டிமீட்டர் வித்தியாசம். ரெண்டு சைடு லைனுக்கு மேலயும் வலை ஒரே ஒசரத்துல இருக்கணும்ங்கறதும் ரூல்தான், அப்ப எங்கேர்ந்து அளக்கறது? எங்க பொண்ணுங்க வாலிபால்ல ஜோனல் தாண்டி ரெவின்யூ டிஸ்ட்ரிக்ட் வரைக்கும் போறவங்க, கோணல் தரையில பழகிட்டு நேர் தரையில போய் ஆடினா கை தப்பும். அதனால அரைதான் வேணும்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன். மேஸ்திரி சொன்னாரு, "டீச்சரம்மா, வாட்டம் கம்மியானா மட்டம் துல்லியமா வரணும், ஒரு நூல் தப்புனாலும் தண்ணி நின்னுரும்"னு. நான் கேக்கல. அவரு சொன்னதுதான் நடந்துச்சு.

காங்கிரீட் நாலு இன்ச், அடியில பிளாஸ்டிக் ஷீட் விரிச்சாங்க, அது இல்லாட்டி கீழ ஈரம் மேல ஏறி கோட்டிங்க கொப்புளம் கொப்புளமா தூக்கிரும். மேல வழவழன்னு தேய்க்கக் கூடாது, தொடப்பத்தால இழுத்த மாதிரி சொரசொரப்பா விடணும், அப்பதான் அக்ரிலிக் புடிக்கும். காங்கிரீட்டோட ஈரம் சீக்கிரம் காயாம இருக்க அடிக்கற க்யூரிங் கெமிக்கலும் கூடாது, அதுவும் புடிக்க விடாது, தண்ணிதான் நிறுத்தணும். பாத்தி கட்டி தண்ணி நிறுத்தினாங்க, மே மாசம், மேட்டூர் தண்ணி வர்றதே எப்பவோ ஒருக்கா, லாரித் தண்ணி வாங்கி ஊத்தினோம், அந்தக் காசு கொட்டேஷன்ல கெடையாது, நம்ம தலையில. கேட்டு வெச்சுக்கங்க இத. ரெண்டாவது பாகம் போட்ட அன்னிக்கு சாயங்காலம் கோடை மழை இடியோட வந்துருச்சு, தார்ப்பாய் பத்தல, கொஞ்சம் எடம் அம்மத் தழும்பு மாதிரி ஆயிருச்சு, அத அப்பறம் தேச்சு சரி பண்ணாங்க. 28 நாள் காயாம கோட்டிங் போடமாட்டோம்னு அவங்களே சொன்னாங்க, ஸ்கூல் தொறக்குது சீக்கிரம் முடிங்கன்னு எங்க தாளாளர் அவசரப்படுத்தியும் அசையல. இதுக்கு ஒரு ஸ்டார் நிச்சயம் குடுக்கலாம்.

ஆசிட் வாஷ், பிரைமர், அப்பறம் மணல் கலந்த கோட்டு ரெண்டு, கலர் கோட்டு மூணு. உள்ள பச்சை, வெளிய செங்கல் செவப்பு. கோடு அடிக்கறதுக்கு டேப் ஒட்டி ஒட்டி ரெண்டு பசங்க மூணு நாள் குனிஞ்ச முதுகு நிமிராம வேலை செஞ்சாங்க, வேலை சுத்தம், குறையே சொல்ல முடியாது. பாஸ்கெட்பால் வெள்ளை, வாலிபால் மஞ்ச, த்ரோபால் செவப்பு, பேட்மிண்டன் நீலம், கபடி ஆரஞ்சு, டெனிகாய்ட் கறுப்பு. மொத நாள் மாடியில நின்னு பாத்தப்ப ரங்கோலி மாதிரி இருந்துச்சு. கீழ எறங்கி நின்னா எந்தக் கோடு எந்த விளையாட்டுன்னு எனக்கே தலை சுத்துது.

அப்பதான் ஏழாம் கிளாஸ் பையன் ஒருத்தன். த்ரோபாலுக்கு லைன்ல நிக்க விட்டேன், பந்து வெளிய விழுந்தாலும் உள்ளங்கறான், உள்ள விழுந்தாலும் வெளியங்கறான். பசங்க எல்லாம் அழுகுணி ஆட்டம் ஆடறான் மிஸ்னு ஒரே கத்தல், நானும் திட்டிட்டேன். தனியா கூப்ட்டு கேட்டா, மிஸ் அந்தக் கோடு எனக்கு சரியா தெரியல, எல்லாம் ஒரே மாதிரி இருக்குங்கறான். பச்சைத் தரையில செவப்புக் கோடு. செவப்பும் பச்சையும் பிரிச்சுப் பாக்க முடியாத பசங்க இருப்பாங்க, பொம்பளப் புள்ளைங்களவிட ஆம்பளப் பசங்கள்ல இது அதிகம், எத்தனையோ பேருக்கு தனக்கு அப்படி இருக்குன்னே தெரியாது. கம்பெனிக்கும் தோணல, டீச்சர் எனக்கும் தோணல. செவப்ப அழிச்சு வெளிர் நீலமாக்க 4,000 ரூபா தனியா வாங்கினாங்க. அந்தப் பையன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன், அவன் பரவால்ல மிஸ்னுட்டு ஓடிட்டான்.

இப்ப ஒரு வருஷம் ஆடினதுக்கு அப்பறம் உள்ளத உள்ளபடி சொல்றேன். வாலிபாலும் த்ரோபாலும் அருமை, பந்து ஒரே மாதிரி குதிக்குது, மழை விட்டு அரை மணி நேரத்துல ஆடலாம், புழுதி இல்ல, பக்கத்து வீட்டம்மா இப்ப என்னப் பாத்தா சிரிக்கறாங்க. பாஸ்கெட்பால் எங்க ஸ்கூல்ல யாரும் ஆடினதே இல்ல, இப்ப ரிங்கு கீழ எப்பவும் கூட்டம்.

பேட்மிண்டன் சுத்த வேஸ்ட்டு. மூணு கோர்ட்டு கோடு போட்டு ஒரு நாள் கூட ஒழுங்கா ஆடல. எறகுப் பந்து காத்துல எங்க போகும்னு யாருக்குத் தெரியும், அது உள்ளரங்க விளையாட்டு. அந்த எடத்துல பால் பேட்மிண்டன் கோர்ட் ஒண்ணு போட்டிருக்கலாம், 24க்கு 12 மீட்டர், கம்பளி நூல் பந்து, தஞ்சாவூர்ல பொறந்த ஆட்டம், வெட்டவெளியில ஆடறதுக்குன்னே வந்தது. கொட்டேஷன் லிஸ்ட்ல அது இல்லவே இல்ல, கம்பெனிக்காரத் தம்பிக்கு அப்படி ஒரு ஆட்டம் இருக்கறதே தெரியல, பேட்மிண்டன்தானே மேடம் அதுங்கறான்.

ஆனா எனக்கு வயித்தெரிச்சல் கபடிதான். கபடி நம்ம தமிழ்நாட்டோட மாநில விளையாட்டு, எங்க ஸ்கூல் கப்பு வாங்கினதுல முக்கால்வாசி கபடியிலதான். அக்ரிலிக் தரையில சொரசொரப்புக்கு மணல் கலந்திருக்கு, அது மேல கபடி ஆடி ஒருத்தன் விழுந்தான்னா முட்டித் தோலு அங்கயே தங்கிரும். கோடு போட்டுக் குடுத்தாச்சு, ஆட முடியாது. அப்பறம் மேட் விரிக்கணும்னாங்க, டிவில புரோ கபடியில விரிக்கறாங்களே அந்த மாதிரி, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் துண்டு. ஆம்பளப் பசங்க கோர்ட் 13க்கு 10, அப்ப 130 துண்டு. பொண்ணுங்க கோர்ட் 12க்கு 8, அதுக்கு 96. காசு பத்தாம 96 வாங்கினோம். பத்துப் பசங்க சேந்து விரிக்க இருபது நிமிஷம், எடுத்து அடுக்க கால் மணி நேரம், பி.டி. பீரியடே 40 நிமிஷம்தான்! ஸ்டேஜ் அடியில அடுக்கி வெச்சா எலி கடிக்குது. இப்ப ஞாயித்துக்கிழமை மட்டும்தான் விரிக்கறோம்.

அப்பறம் காலு. எங்க புள்ளைங்க பாதிப் பேரு தறி ஓட்டற வீட்டுப் புள்ளைங்க, யூனிஃபார்ம் ஷூ ஒண்ணுதான், அத வெளாட்டுல போட்டுத் தேச்சா வீட்ல அடி விழும். மண்ணுல வெறுங்கால்ல ஓடின புள்ளைங்க. பத்தரை மணிக்கு மேல இந்தத் தரையில வெறுங்கால வெச்சுப் பாருங்க, மார்ச்சுலயே துள்ளுவீங்க. அடர் பச்சைக்கு பதிலா வெளிர் கலர் கேட்டிருந்தா கொஞ்சம் கொறஞ்சிருக்கும், சாம்பிள் அட்டைய ஏசி ரூம்ல வெச்சுப் பாத்து செலக்ட் பண்ணா இப்படித்தான். டைம் டேபிள மாத்தி பி.டி. பீரியட எல்லாம் காலை மொத ரெண்டு பீரியடுக்கும் கடைசி பீரியடுக்கும் தள்ளினோம். மேற்கு ஓரத்து புங்க மரத்த வெட்டணும்னு கம்பெனி சொன்னப்ப விடமாட்டேன்னு நின்னேன், அந்த நெழல்தான் இன்னிக்கு நாலு மணிக்கு பாதி கோர்ட்ட காப்பாத்துது. பூ கொட்டறப்ப கூட்டித்தான் ஆகணும், அது பரவால்ல. வேரு வந்து காங்கிரீட்டத் தூக்கும்னு பயமுறுத்தினாங்க, மரத்துக்கும் கோர்ட்டுக்கும் நடுவுல ரெண்டடி ஆழத்துக்கு ஒரு செவுரு எழுப்பிட்டோம், இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல.

பொம்பளப் புள்ளைங்க விஷயம் ஒண்ணு. முன்னாடி ஒரு ஓரத்துல டெனிகாய்ட் வளையம் போட்டு ஆடிட்டு இருப்பாங்க. இப்ப டெனிகாய்ட் கோடு பாஸ்கெட்பால் கோர்ட்டுக்குள்ள இருக்கு, ரிங்கு கீழ பசங்க கூட்டம், புள்ளைங்க படிக்கட்டுல போய் உக்காந்துருச்சுங்க. மண்ணு கிரவுண்டுல ஆளுக்கு ஒரு மூலை இருந்துச்சு, இதுல எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு, அப்ப சத்தமா இருக்கறவன்தான் ஆடுவான். செவ்வாயும் வியாழனும் பசங்க உள்ள வரக்கூடாதுன்னு போர்டு எழுதி மாட்டினேன். கம்பெனி மேல இதுக்குக் கொறை சொல்ல முடியாது.

போஸ்ட்டெல்லாம் நல்ல சாமான், துத்தநாகம் முக்கின பைப்பு, துரு இல்ல. வாலிபால் போஸ்ட்ட கழட்டி எடுக்கற மாதிரி தரையில ஸ்லீவ்னு ஒரு குழாய் பதிச்சு வெச்சிருக்காங்க, மேல மூடி. ஆனா அந்த மூடி தரையோட சமமா இல்லாம அரை இன்ச் தூக்கிட்டு நின்னுச்சு, மூணு பேரு கால் வெரல் நகம் பேந்ததுக்கு அப்பறம்தான் வந்து சரி பண்ணாங்க.

இப்ப தண்ணி. வேலை முடிஞ்சதும் தரை பூரா தண்ணி விட்டு ஒரு மணி நேரம் கழிச்சு எங்க நிக்குதுன்னு பாக்கணும், நிக்கற எடத்துல காசு போட்டா காசு மேல தண்ணி முழுசா மூடக்கூடாது, அதான் டெஸ்ட்டு. நான் கேட்டேன், தண்ணிக்கு எங்க போறது மேடம்னு தட்டிக் கழிச்சாங்க, லாரித் தண்ணி விலை ஞாபகம் வந்து நானும் விட்டுட்டேன், ஃபைனல் பேமெண்ட்டும் போயிருச்சு. ஐப்பசி மழை வந்து ஓசியில டெஸ்ட் பண்ணிக் காட்டுச்சு. ரெண்டு எடத்துல குட்டை, காக்கா வந்து குளிக்குது. ஒண்ணு நான் அடம் புடிச்சு வாட்டம் கொறச்சதால, ஒத்துக்கறேன். இன்னொண்ணு அந்தக் கெணத்து மூலை, அங்க தரையே எறங்கி ஒரு முழம் நீளத்துக்கு விரிசலும் விட்ருச்சு. ஃபோன் பண்ணா எடுக்கல, எடுத்தா அடுத்த வாரம், அடுத்த வாரம்னு தை பொறந்துருச்சு. ஒரு வழியா வந்து மொத குட்டைய லெவலிங் பேஸ்ட் போட்டு நெரவி கலர் அடிச்சாங்க, ஒட்டுப் போட்ட மாதிரி தெரியுது ஆனா தண்ணி நிக்கல. கெணத்து மூலை அப்படியே கெடக்கு, எங்க வாரண்டி கோட்டிங்குக்குத்தான் தரைக்கு இல்லங்கறாங்க. பேப்பர எடுத்துப் படிச்சா அப்படித்தான் போட்டிருக்கு. நீங்க கையெழுத்து போடறதுக்கு முன்னாடி தரைக்கும் சேத்து எழுதி வாங்கிருங்க, பத்து பர்சென்ட் காச ஒரு மழைக்காலம் முடியற வரைக்கும் கையில புடிச்சு வெச்சுக்கங்க. எங்களுக்கு மொத்தம் 13 லட்சத்து 40 ஆயிரம் ஆச்சு, ஜிஎஸ்டி 18 பர்சென்ட் அதுக்கு மேல, லாரித் தண்ணியும் கபடி மேட்டும் கணக்குல சேராது.

திரும்ப ஒரு சான்ஸ் குடுத்தா கிரவுண்டு பூரா காங்கிரீட் போடமாட்டேன். 72 அடியோட நிறுத்திருவேன், வாலிபாலும் த்ரோபாலும் அதுல சுகமா உக்காரும், ரெண்டு முனையிலயும் கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர் காலி கெடைக்கும். பாஸ்கெட்பாலுக்கு ஒரு பக்கம் மட்டும் ரிங்கு, மூணு பேருக்கு மூணு பேரு ஆடற ஆட்டத்துக்கு 15க்கு 11 மீட்டர் போதும், அது டோக்கியோலேர்ந்து ஒலிம்பிக்லயே இருக்கே. மீதி 28 அடிக்கு 62 அடி செம்மண்ணு, சின்னப் புள்ளைங்க கபடிக்கு 11க்கு 8 மீட்டர், அதாவது 36க்கு 26 அடி, ஒட்டிக்கிட்டு உக்காந்துரும், ஓரத்துல ஒரு லாங் ஜம்ப் குழி. வீரபாண்டி பக்கமோ ஓமலூர் பக்கமோ எடம் இருக்கற ஸ்கூலுங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்ல, ஊருக்குள்ள கைக்குட்டை சைஸ் கிரவுண்டு வெச்சிருக்கறவங்களுக்குச் சொல்றேன். நம்ம சேலம் மாவட்டத்து பெரியவடகம்பட்டி மாரியப்பன் ரியோ பாராலிம்பிக்ல ஹை ஜம்ப்புக்குத் தங்கம் வாங்கினப்ப எங்க பசங்க எல்லாரும் ஹை ஜம்ப் கத்துக்குடுங்க மிஸ்னு வந்து நின்னாங்க, இப்ப அப்படி வந்து கேட்டா குதிச்சு விழ ஒரு மணல் குழி தோண்ட எடமில்ல எங்கிட்ட.

மூணு ஸ்டார்ல ஒண்ணு 28 நாள் பொறுமைக்கு, ஒண்ணு கோடு அடிச்ச அந்த ரெண்டு பசங்களுக்கு, ஒண்ணு சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினதுக்கு. கெணத்து மூலைக்கு வர்ற சனிக்கிழமை ஆள் அனுப்பறேன்னு நேத்து வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கு. வாட்ச்மேன் தாத்தாகிட்ட சொன்னேன், "எந்த சனிக்கெழமைன்னு கேட்டீங்களா டீச்சரம்மா?"ன்னாரு.